கல்லால் வானளந்த காவலன்

உடும்பஞ்சோலையில் எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு பஞ்சாங்கங்கள் தொங்கும். ஒன்று வாக்கியம், மற்றொன்று திருக்கணிதம். இரண்டும் போடிநாயக்கனூர்க் கடைவீதியில் வாங்கியவை. ஓராண்டு தாத்தாவின் திதி ஒன்றில் ஒரு நாளிலும், மற்றதில் மறுநாளிலும் வந்தது. எந்த நாளில் படைப்பது என்று அப்பத்தாவும் சித்தப்பாவும் வாதாடினார்கள். ஏலத்தோட்டத்துக்கு மேலே காயும் நிலவு ஒன்றுதானே, அதன் கணக்கு மட்டும் ஏன் இரண்டு என்ற ஐயம் அன்றே என் உள்ளத்தில் எழுந்தது.

இதே ஐயத்தைத் தீர்க்கப் பெரும்பொருள் செலவிட்ட அரசர் ஒருவர் உண்டு. அவர்தாம் இரண்டாம் சவாய் ஜெயசிங். சென்ற ஆண்டு ஜெய்ப்பூருக்குச் சுற்றுலா போனபோது அவர் கட்டிய வானாய்வுக் கூடத்தில் அரைநாள் நின்றேன். அன்றுமுதல் அவர் வரலாறு என்னை விடவில்லை.

ஜெயசிங் 1688இல் பிறந்தார். 11 வயதில் தந்தையை இழந்து ஆம்பேர் நாட்டின் அரியணை ஏறினார். தளர்ந்துவந்த மொகலாயப் பேரரசுக்கும் வளர்ந்துவந்த மராட்டியருக்கும் இடையே நாட்டைக் காப்பதே பெரும்பாடு. அதற்கிடையிலும் இளமை முதலே அவர் கணிதத்தில் ஆழ்ந்தார்.

முடிசூட்டு, படையெடுப்பு, வேள்வி எல்லாமே நல்ல வேளை பார்த்துத் தொடங்கிய காலம் அது. ஆனால் நூற்கணக்கு சொன்ன இடத்தில் கோள்கள் இல்லை என்பதை ஜெயசிங் கண்டார். வேளையே பிழையானால் சடங்குக்கு என்ன பொருள்? இந்தக் குறையை அவர் பேரரசர் முகம்மது ஷாவிடம் எடுத்துரைத்தார். திருத்தும் பணி அவரிடமே வந்தது.

முதலில் பித்தளைக் கருவிகள் செய்து பார்த்தார். அவை சிறியவை, அச்சு தேய்ந்து ஆடின. ஆகவே கல்லும் சுண்ணாம்பும் கொண்டு அசையாத பெருங்கருவிகளை எழுப்பினார். டில்லி, ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, காசி, மதுரா ஆகிய ஐந்து நகரங்களில் கூடங்கள் அமைந்தன. ஓரிடத்தில் கண்டதை மற்றோரிடத்தில் கண்டதோடு ஒப்பிட்டுப் பிழை களைவதே நோக்கம்.

ஜெய்ப்பூரின் சாம்ராட் யந்திரம் ஏறத்தாழ 90 அடி உயரம். அதன் நிழல் ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு நகர்கிறது. இரண்டு நொடி வேறுபாட்டைக்கூட அதில் கணக்கிடலாம். அந்த நிழல் ஊர்வதை நான் கண்ணாரக் கண்டேன். காலமே நடந்து போவதுபோல் இருந்தது!

அவர் அவையில் இந்துப் பண்டிதரும் இசுலாமிய அறிஞரும் கிறித்தவப் பாதிரிமாரும் கூடியிருந்தனர். ஜகந்நாதர் என்ற பண்டிதர் தாலமியின் வானநூலை அரபு வழியாக வடமொழிக்குக் கொணர்ந்தார். 1727இல், ஜெய்ப்பூர் நகருக்கு அடிக்கல் நாட்டிய அதே ஆண்டில், போர்ச்சுகலுக்கு ஒரு தூதுக்குழு சென்றது. அது கொண்டுவந்த லா ஹைரின் அட்டவணைகளையும் ஜெயசிங் அப்படியே ஏற்கவில்லை. வானத்தோடு ஒப்பிட்டார், நிலவின் இடத்தில் அரைப் பாகை பிழை இருக்கக் கண்டார்.

இந்த மனிதரே, அருகிப்போயிருந்த அசுவமேத வேள்வியையும் செய்தார். முரண் என்று சிலர் நகைக்கலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சடங்கை அவர் கைவிடவில்லை. சடங்கு பொய்க்கணக்கில் நிற்பதைத்தான் பொறுக்கவில்லை.

குறையும் உண்டு. தொலைநோக்கியை அவர் அறிந்திருந்தும் கற்கருவிகளையே பெரிதும் நம்பினார். மேலைநாடு அதற்குள் கண்ணாடி வழியே வெகுதூரம் போய்விட்டது. 1743இல் அவர் மறைந்தபின் ஆய்வும் நின்றது. மதுராக் கூடம் அழிந்தே போயிற்று. ஜெய்ப்பூர்க் கூடமோ பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டு, 2010இல் உலக மரபுச் சின்னம் ஆயிற்று.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது அப்பத்தாவிடம் ஒன்று சொல்வேன். வாக்கியம் வகுத்த முன்னோரும் வானத்தைப் பார்த்தே வகுத்தனர். வானத்தை மறுபடி பார்த்துத் திருத்துவது அவர்களை அவமதிப்பதாகாது. அது அவர்கள் விட்ட வேலையைத் தொடர்வதே ஆகும். நண்பர்களே, ஏட்டில் உள்ளதை வானோடு ஒப்பிடும் துணிவு நமக்கும் வேண்டும்!