பிரம்பைக் கீழே வைத்த ஆசிரியர்

இந்தியாவின் நாட்டுப்பண்ணை இயற்றியவர் இரவீந்திரநாத் தாகூர் என்பதை அனைவரும் அறிவர். 1913ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் ஆசியரும் அவரே. ஆனால் அக்கவிஞர் நாற்பது ஆண்டுகள் ஒரு பள்ளியைப் பேணி வளர்த்த ஆசிரியர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர் தம் பள்ளிப் படிப்பை முடிக்காதவர் என்பது இன்னும் வியப்பளிக்கும் செய்தியாகும். பள்ளியை வெறுத்து வெளியேறிய ஒருவர், பின்னாளில் தாமே ஒரு பள்ளியைத் தொடங்கியது ஏன்? அவ்வினாவிற்கு விடை அவருடைய இளமைப் பருவத்தில் இருக்கிறது.

வட்டத்துக்குள் ஒரு சிறுவன்

தாகூர் 1861ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் கொல்கத்தாவில் ஜோராசாங்கோ என்னும் பகுதியிலுள்ள பெரிய மாளிகையில் பிறந்தார். தந்தையார் தேவேந்திரநாதர், தாயார் சாரதா தேவி. செல்வமும் புகழும் மிக்க குடும்பம் அது. எனினும் அவ்வீட்டுச் சிறுவர்கள் செல்லமாக வளர்க்கப்படவில்லை. தந்தையார் பெரும்பாலும் பயணத்தில் இருந்தார். தாயார் உடல் நலம் குன்றியிருந்தார். ஆகவே பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பு வேலைக்காரர்களிடம் விடப்பட்டது.

அவர்களுள் ஒருவர் சியாம். அவர் தம் வேலையை எளிதாக்கிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தார். சிறுவன் இரவீந்திரனை ஓரிடத்தில் அமரச் செய்து, அவனைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைவார். அதைத் தாண்டினால் பெருந்தீங்கு நேரும் என்று அச்சுறுத்திவிட்டுச் செல்வார். இலக்குவன் இட்ட கோட்டைத் தாண்டியதால் சீதைக்கு நேர்ந்த துன்பத்தை இராமாயணத்தின் வழி அறிந்திருந்த சிறுவன், அவ்வட்டத்தைக் கடக்க அஞ்சினான். அருகிலிருந்த சாளரத்தின் வழியே குளத்தையும், அதன் கரையிலிருந்த ஆலமரத்தையும், தென்னை வரிசையையும், நீராட வருவோரையும் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பான். சுண்ணக்கோடு அவனுடைய கால்களைக் கட்டியது. கண்களைக் கட்ட அதனால் இயலவில்லை.

பள்ளியும் தண்டனையும்

இரவீந்திரனின் அண்ணனும், வயதில் மூத்த மருமகன் ஒருவனும் பள்ளிக்குச் சென்றனர். அவர்கள் வண்டியேறிச் செல்வதைக் கண்ட சிறுவன், தானும் செல்ல வேண்டும் என்று அழுதான். வீட்டில் பாடம் கற்பித்த ஆசிரியர் அவனை ஓர் அறை அறைந்து, பள்ளிக்குச் செல்ல இன்று அழுபவன் அங்கிருந்து விடுபட இதைவிட மிகுதியாக அழ வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார். அவருடைய முகத்தையும் பெயரையும் தாகூர் பின்னாளில் மறந்துவிட்டார். அந்த எச்சரிக்கை மட்டும் மறக்கவில்லை. ஏனெனில் அது பலித்துவிட்டது.

முதலில் சேர்ந்த பள்ளியில் என்ன கற்றார் என்பது அவர் நினைவில் தங்கவில்லை. அங்கு வழங்கப்பட்ட தண்டனை ஒன்று மட்டும் தங்கியது. பாடம் ஒப்பிக்க இயலாத மாணவன் பெஞ்சின் மீது ஏறி, இரு கைகளையும் நீட்டி நிற்க வேண்டும். விரித்த உள்ளங்கைகளின் மேல் சிலேட்டுகள் அடுக்கப்படும். மறந்துபோன பாடம், சிலேட்டுகளின் கனத்தால் எவ்வாறு நினைவுக்கு வரும் என்பதை யாரும் கேட்கவில்லை. ஆசிரியர் தண்டிப்பதும், மாணவர் தாங்குவதும் அக்காலத்தில் இயல்பாகக் கருதப்பட்டன. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் அன்று நிலைமை வேறாக இல்லை.

அடுத்துச் சேர்ந்த நார்மல் பள்ளியில், வகுப்புத் தொடங்கும் முன் மாணவர்கள் ஓர் ஆங்கிலப் பாட்டைக் கூடிப் பாடினர். ஒருவருக்கும் அதன் பொருள் தெரியாது. அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் இழிந்த சொற்களால் மாணவர்களை ஏசுபவர். அவர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் விடை சொல்வதில்லை என்று இரவீந்திரன் உறுதி பூண்டான். ஆண்டு முழுவதும் வகுப்பின் கடைசியில் வாய் திறவாது அமர்ந்திருந்தான். ஆண்டிறுதித் தேர்வை வேறோர் ஆசிரியர் நடத்தினார். வங்கமொழியில் இரவீந்திரனே முதலிடம் பெற்றான். வகுப்பாசிரியர் அதை நம்பவில்லை. தேர்வில் ஓரவஞ்சனை நடந்தது என்று முறையிட்டார். மேலாளர் அருகில் அமர்ந்து கண்காணிக்க மறுதேர்வு நடைபெற்றது. அதிலும் அவனே முதல்வனானான்.

மரக்கட்டை மாணவர்கள்

பள்ளியிலிருந்து வீடு திரும்பிய சிறுவன் ஒரு விளையாட்டு விளையாடினான். மாளிகைத் தாழ்வாரத்தின் ஒரு மூலையில் அவன் தனக்கென ஒரு வகுப்பை அமைத்தான். தாழ்வாரக் கிராதியின் மரக்கட்டைகளே மாணவர்கள். நாற்காலியில் அமர்ந்த அவன் கையில் பிரம்பு இருந்தது. எந்தக் கட்டை நல்ல மாணவன், எந்தக் கட்டை தீய மாணவன் என்பதை அவன் முன்பே முடிவு செய்திருந்தான். தீயவை எனக் கருதிய கட்டைகளை ஓயாமல் அடித்தான். அடிக்க அடிக்க அவற்றின் மேற்பூச்சு சிதைந்தது. சிதையச் சிதைய அவன் சினமும் வளர்ந்தது.

ஐம்பது வயதை எட்டியபோது தம் இளமை நினைவுகளை எழுதிய தாகூர், இவ்விளையாட்டையும் மறைக்காமல் பதிவு செய்தார். ஆசிரியர் கற்பித்த பாடத்தைவிட, அவருடைய பொறுமையின்மையையும் சினத்தையும் ஒருதலைச் சார்பையும் மாணவன் விரைவாகக் கற்றுக்கொள்கிறான் என்பதை அவர் அதில் உணர்த்தினார். அடி வாங்கிய குழந்தை அடிக்கக் கற்றுக்கொள்கிறது. அன்று அவன் முன் மரக்கட்டைகள் இருந்தன. உயிருள்ள மாணவர்கள் இருந்திருப்பின் என்னவாகியிருக்கும்? பிரம்பு ஒரு தலைமுறையின் கையிலிருந்து அடுத்த தலைமுறையின் கைக்குச் செல்வது இவ்வாறுதான்.

தந்தை தந்த பாடம்

1873ஆம் ஆண்டு இரவீந்திரனுக்குப் பூணூல் சடங்கு நடந்தது. மொட்டைத் தலையுடன் பள்ளிக்குச் சென்றால் மாணவர்கள் எள்ளி நகைப்பார்களே என்று அவன் கலங்கியிருந்தான். அவ்வேளையில் தந்தையார் அவனை இமயமலைப் பயணத்திற்கு அழைத்துச் சென்றார்.

வழியில் அவர்கள் போல்பூருக்கு அருகிலிருந்த சாந்திநிகேதனில் தங்கினர். தியானம் செய்வதற்காகத் தேவேந்திரநாதர் பெற்றிருந்த இடம் அது. அங்கே எந்தச் சுண்ண வட்டமும் இல்லை. செம்மண் மேடுகளிலும் பள்ளங்களிலும் சிறுவன் விருப்பம்போல் திரிந்தான். கூழாங்கற்களை மடி நிறையச் சேர்த்து வந்து காட்டினான். தந்தையார் அவற்றைக் குப்பையென்று ஒதுக்காமல் மகிழ்ந்து பாராட்டினார்.

பின்னர் இருவரும் அமிர்தசரஸ் வழியாக டல்ஹவுசி மலைக்குச் சென்றனர். விடியுமுன் எழுந்து சமற்கிருதம் படிக்க வேண்டும். குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டும். இரவில் விண்மீன்களைக் காட்டித் தந்தையார் வானியல் கற்பித்தார். செலவுக் கணக்கை மகனிடம் ஒப்படைத்தார். தம் பொற்கடிகாரத்திற்கு நாள்தோறும் சாவி கொடுக்கும் பொறுப்பையும் அளித்தார். சிறுவன் ஆர்வ மிகுதியால் அளவுக்கு மேல் முறுக்கினான். கடிகாரம் பழுது பார்க்கக் கொல்கத்தாவிற்குச் செல்ல நேர்ந்தது. பொருள் கெடக்கூடும் என்பதை அறிந்தே, பொறுப்புணர்வு வளர வேண்டும் என்பதற்காகத் தந்தையார் அதைக் கொடுத்திருந்தார். கட்டுப்பாடும் உரிமையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை மகன் அப்பயணத்தில் கற்றான்.

ஊர் திரும்பிய பின் பள்ளி மேலும் கசந்தது. தூய சவேரியார் பள்ளியில் ஒருநாள் எழுதாமல் வெறுமனே அமர்ந்திருந்த அவனருகே ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ஒருவர் வந்தார். அவர் சினங்கொள்ளவில்லை. தோளில் மெல்லக் கை வைத்து, உடல் நலமில்லையா என்று அன்புடன் வினவினார். அந்த ஒரு கேள்வியைத் தாகூர் தம் வாழ்நாள் முழுவதும் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். எனினும் பள்ளியில் அவர் நெஞ்சம் ஒட்டவில்லை. பதினான்கு வயதளவில் அதை விட்டு விலகினார். 1878இல் இங்கிலாந்து சென்று பயின்றார். பட்டம் ஏதும் பெறாமலே 1880இல் திரும்பினார்.

மரநிழலில் ஒரு பள்ளி

1901ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், தாகூர் சாந்திநிகேதனில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். சிறுவயதில் கூழாங்கல் பொறுக்கிய அதே மண்ணில் ஐந்து மாணவர்கள் கூடினர். அவர்களுள் ஒருவர் அவருடைய மகன் இரதீந்திரநாதர். தமக்குக் கிடைக்காத பள்ளியைத் தம் மகனின் தலைமுறைக்கேனும் தர வேண்டும் என்பதே அவருடைய விருப்பம்.

வகுப்புகள் மரநிழலில் நடந்தன. மாணவர்கள் தத்தம் பாய்களை விரித்துத் தரையில் அமர்ந்தனர். இசையும் ஓவியமும் நாடகமும் பாடங்களோடு பாடங்களாயின. தாகூர் தாமே கற்பித்தார். மாணவர்களுக்காக நாடகங்கள் எழுதி அவர்களுடன் நடித்தார். அங்கு உடல் தண்டனைக்கு இடமில்லை.

அப்பள்ளியை நடத்துவது எளிதாக இல்லை. தொடக்கத்தில் மாணவர்களிடம் கட்டணம் பெறவில்லை. மனைவி மிருணாளினி தேவி தம் நகைகளைக் கொடுத்தார். பூரியிலிருந்த வீடும் விற்கப்பட்டது. மறு ஆண்டே மிருணாளினி தேவி மறைந்தார். 1903இல் மகள் ரேணுகாவும், 1907இல் இளைய மகன் சமீந்திரனும் இறந்தனர். இத்துயரங்களுக்கிடையிலும் பள்ளி மூடப்படவில்லை. பின்னர்க் கிடைத்த நோபல் பரிசுத் தொகையும் அதன் வளர்ச்சிக்கே பயன்பட்டது.

ஒழுங்கு என்பது யாது?

தண்டனை இல்லாத பள்ளியில் ஒழுங்கும் இராது என்று பலர் எண்ணினர். உண்மை அதற்கு மாறானது. மாணவர்கள் விடியுமுன் எழுந்தனர். தம் இடத்தைத் தாமே துப்புரவு செய்தனர். எளிய உடையும் எளிய உணவும் கொண்டனர். தொடக்க ஆண்டுகளின் விதிகள் கடுமையானவை என்றே கூறலாம். காலப்போக்கில் அவற்றுள் பல தளர்த்தப்பட்டன. மாணவர்கள் தங்களுக்குள் தலைவர்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒருவன் தவறு செய்தால் மாணவர்களே கூடி விசாரித்து முடிவு செய்தனர். பிரம்பு இருந்த இடத்தில் பொறுப்பு வந்து அமர்ந்தது.

பழைய முறையில் பயின்று வந்த ஆசிரியர்களுக்கு இது எளிதில் விளங்கவில்லை. ஒருமுறை மாணவன் ஒருவன் மரக்கிளையில் ஏறி அமர்ந்து படிப்பதைக் கண்ட ஆசிரியர் முகம் சுளித்தார். கிளையில் அமர்வதா, நாற்காலியில் அமர்வதா என்று மனிதன் தேர்ந்துகொள்ளக்கூடிய பருவம் இளமை ஒன்றே என்றும், வளர்ந்தோர்க்குக் கிட்டாத அவ்வுரிமையைச் சிறுவனிடமிருந்து பறித்தல் முறையன்று என்றும் தாகூர் அவருக்கு விளக்கினார்.

1918இல் அவர் ஒரு கிளியின் கதையை எழுதினார். கிளிக்குக் கல்வி புகட்ட விரும்பிய அரசன் பொற்கூண்டு செய்வித்தான். பண்டிதர்கள் ஏட்டுத் தாள்களைக் கிளியின் வாயில் திணித்தனர். கூண்டைப் பாராட்டாதவர் இல்லை. கிளியை நோக்கியவர் எவருமில்லை. இறுதியில் கிளி இறந்தது. கற்பிப்போர் மறந்துவிடக்கூடாத ஒன்றை அக்கதை உணர்த்துகிறது.

தலைமுறைகள் மாறின

1921இல் சாந்திநிகேதனில் விசுவபாரதி நிறுவப்பட்டது. தாகூர் 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், தாம் பிறந்த ஜோராசாங்கோ மாளிகையிலேயே மறைந்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. சாந்திநிகேதனில் இன்றும் மரநிழலில் வகுப்புகள் நடைபெறுகின்றன.

2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம், குழந்தைகளை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்தது. சிலேட்டுகளைச் சுமந்து பெஞ்சில் நின்ற சிறுவர்களின் காலத்திலிருந்து அச்சட்டம் வரும் வரை ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கடந்தது. சட்டம் பிரம்பைத் தடுக்கும். ஆனால் ஏளனச் சொல்லையும், மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு குழந்தையை அளக்கும் பார்வையையும் மனிதர்கள்தாம் மாற்ற வேண்டும். தாம் பெற்ற துன்பத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடாமல் தம்மோடு நிறுத்திக்கொண்டவர் தாகூர். கவிதைகளுக்கு நிகராகப் போற்றத்தக்க கொடை அது.

சிந்தித்து எழுதுக

1. மரக்கட்டைகளை மாணவர்களாகக் கருதி விளையாடிய சிறுவன், உண்மையில் யாரிடமிருந்து எதைக் கற்றிருந்தான்?

2. கடிகாரம் பழுதாகக்கூடும் என அறிந்தும் தேவேந்திரநாதர் அதை மகனிடம் கொடுத்தது ஏன்? அத்தகைய பொறுப்பு ஒன்று உங்களுக்குக் கிடைத்ததுண்டா?

3. தண்டனைக்கும் ஒழுங்கிற்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்திலிருந்து சான்று காட்டி விளக்குக.

4. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் அவர்களுடைய பள்ளி நாள்களைப் பற்றித் தமிழில் கேட்டறிந்து, உங்கள் பள்ளியோடு ஒப்பிட்டுப் பத்து வரிகள் எழுதுக. ஊரில் இருப்பவராயின் தொலைபேசியில் கேட்கலாம்.