கையைக் கழுவச் சொன்ன மருத்துவர்

பகுத்தறிவு என்பது பிறருடைய நம்பிக்கைகளை எள்ளி நகையாடுவது என்று நம்மிற் பலர் கருதுகின்றோம். அஃது அத்துணை எளிதன்று. தன் கையே குற்றஞ் செய்தது என உண்மை காட்டுமாயின், அதனையும் ஒப்புக்கொள்வதே பகுத்தறிவு. இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்னும் மருத்துவரின் வாழ்க்கை நமக்கு இதனை நன்கு விளக்குகின்றது.

இவர் 1818-ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் பூடா நகரில் ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார். 1846-இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவப் பகுதியில் துணை மருத்துவராக அமர்ந்தார். அங்கு இரண்டு விடுதிகள் இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற முதல் விடுதியில் நூறு தாய்மாருக்குப் பத்துப்பேர் அளவில் மாண்டனர். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் விடுதியிலோ நால்வருக்கும் குறைவு. முதல் விடுதியில் சேர்க்க வேண்டாமெனப் பெண்கள் கதறி அழுதனர்.

காற்றின் கேடே காரணம் என்றனர் சிலர். இரு விடுதிக்கும் காற்று ஒன்றேயன்றோ? நெருக்கடி என்றனர், இரண்டாம் விடுதியிலேயே நெருக்கடி மிகுதி. பாதிரியார் மணியொலியுடன் வருவதால் உண்டாகும் அச்சம் என்றனர், மணியின்றி வேறு வழியாக வரச்செய்து பார்த்தார், பயனில்லை. இவ்வாறு ஒவ்வொன்றாகச் சோதித்துத் தள்ளினார்.

1847-இல் அவர் நண்பர் கொலெட்ச்கா, பிணச்சோதனையின்போது மாணவர் ஒருவரின் கத்தி விரலிற் பட்டு இறந்தார். நோயின் குறிகள் அத்தாய்மாரிடம் கண்டவற்றையே ஒத்திருந்தன. பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்த்ததே காரணம் என ஸெம்மல்வைஸ் தெளிந்தார். அவரும் நாள்தோறும் அவ்வாறே செய்தவர். தம்மால் இறந்தோர் எத்தனைபேர் என்றெண்ணி உள்ளம் நொந்தார். ஆயினும் உண்மையை மறைத்தாரில்லை.

அவ்வாண்டு மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவுமாறு அனைவரையும் பணித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாயிருந்த சாவு, ஜூனில் இரண்டளவிற்குக் குறைந்தது.

எனினும் கற்றோர் பலர் இதனை ஏற்கவில்லை. தம் கை கொலை செய்தது என்பதை அவர்கள் மானம் பொறுக்கவில்லை. 1849-இல் அவர் பதவி நீட்டிக்கப்படவில்லை. அவரும் தம் ஆராய்ச்சியை விரைந்து எழுதாமல், 1861-இலேயே நூலாக வெளியிட்டார். மறுத்தோரைக் கடுஞ்சொற்களாற் சாடிப் பகையும் தேடிக்கொண்டார். 1865-இல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டு, இரு வாரங்களுக்குள் தம் நாற்பத்தேழாம் வயதில் மறைந்தார். பின்னர்க் கிருமிகளைப் பற்றிய ஆராய்ச்சி அவர் முறை சரியென நிலைநாட்டிற்று.

பிறப்பால் தூய்மை, பிறப்பால் தீட்டு என்னும் பொய்யால் நெடுங்காலம் நலிந்தவர்கள் நாம். பிறப்போ பட்டமோ எந்தக் கையையும் தூய்மையாக்காது. கழுவினாலன்றிக் கை தூய்மையாகாது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. பழைய நம்பிக்கைகளைத் துறந்துவிட்டோம் என்று நாம் அமைந்துவிடலாகாது. பிறர் பிழையைக் காணும் கண்ணால் நம் கையையும் நோக்குவோமா? அந்நோக்கு நம்மிடம் உண்டாகும் நாளிலேயே நாம் பகுத்தறிவாளர் எனப்படுவோம்.