ராஜா ரவிவர்மாவும் அவர் தம்பியும்

மல்லாபூரில் எங்கள் வீட்டு சுவாமி அலமாரியில் பாட்டி காலத்து சரஸ்வதி படம் ஒன்று இருக்கிறது. பாறைமேல் அமர்ந்து வீணை வாசிக்கும் தேவி, பக்கத்தில் மயில். போன நவராத்திரிக்குக் கொலு பார்க்க வந்த ஒரு குழந்தை, சரஸ்வதி இப்படித்தான் இருப்பாள் என்று வரைந்தவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தோம், பதில் சொல்லத்தான் ஆளில்லை. நான் ரசாயனம் படித்தவன், சர்க்கார் உத்தியோகத்தில் தலை நரைத்தவன். பதில் எழுதாமல் ஃபைலை மூடிப் பழக்கமில்லை. ஆகவே அந்தப் படத்தின் மூலகர்த்தாவான ராஜா ரவிவர்மாவைப் பற்றித் தேடிப் படித்ததை அங்கத்தினர்களுக்கு எழுதுகிறேன்.

1848 ஏப்ரல் 29 அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரில் பிறந்தவர். சிறு வயதில் கரியால் சுவரெல்லாம் கிறுக்குவாராம். மாமா ராஜராஜவர்மாவும் சித்திரக்காரர். மருமானைத் திட்டாமல் கூட உட்கார்த்திக் கற்றுக் கொடுத்தார். 14 வயதில் திருவனந்தபுரம் அழைத்துப் போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் விட்டார். அப்போது எண்ணெய் வர்ணம் நம் பக்கத்துக்குப் புதிது. அது தெரிந்த அரண்மனை ஓவியர், மதுரை ராமசாமி நாயக்கர், சொல்லித்தர மறுத்துவிட்டார். அவருடைய சிஷ்யர் ஆறுமுகம் பிள்ளைதான் ரகசியமாக உதவினார். 1868-ல் வந்த ஐரோப்பியர் தியோடர் ஜென்சனும் கற்றுத் தரவில்லை; தாம் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். பார்த்தே பிடித்துக் கொண்டார் ரவிவர்மா. 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது.

குழந்தையின் கேள்விக்கு நேரான பதில் 1888-ல் இருக்கிறது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாட் ஊட்டிக்கு வந்திருந்தபோது ரவிவர்மாவை வரவழைத்து, புதிய அரண்மனைக்குப் புராண இதிகாசக் காட்சிகளாக 14 சித்திரங்கள் வேண்டுமென்றார். நளன் தமயந்தி, சந்தனு கங்கை, விசுவாமித்திரர் மேனகை என்று விஷயத்துக்குப் பஞ்சமில்லை. கதைகளும் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஓவியனுக்குக் கதை தெரிந்தால் போதாது. தமயந்தி என்ன உடுத்தியிருந்தாள்? எங்கே முடிச்சு, எங்கே தலைப்பு? பௌராணிகருக்கு இந்தக் கவலை இல்லை; கேட்கிறவர்கள் ஆளுக்கொரு தமயந்தியை மனதில் நிறுத்திக் கொள்வார்கள். தூரிகை பிடித்தவன் ஏதாவது ஒன்றை உடுத்தி விட்டுத்தான் ஆகவேண்டும்.

இதற்காகவே தம்பி சி. ராஜராஜவர்மாவையும் கூட்டிக்கொண்டு வடதேசமெங்கும் பிரயாணம் செய்தார். கோவில்களையும் பழைய சிற்பங்களையும் ஜனங்களையும் பார்த்தார்கள். பாரத தேசம் முழுவதற்கும் பொதுவான பழைய உடை என்று ஒன்று அகப்படவே இல்லை. ஊருக்கு ஒரு கட்டு. கடைசியில் கண்முன்னே பெண்கள் உடுத்திய புடவையையே புராண நாயகிகளுக்கும் தேவிகளுக்கும் உடுத்துவது என்று ரவிவர்மா முடிவு செய்தார். பல சித்திரங்களில் மராத்திய ஒன்பது கஜக் கட்டைப் பார்க்கலாம். நம் வீட்டு மடிசார் மாமிகளுக்கு அந்த தேவிகள் அன்னியமாகப் படாததில் ஆச்சரியம் என்ன?

அதன் பிறகுதான் வர்ணம். உயிருள்ள மனிதர்களை எதிரே உட்கார்த்தி வைத்து முகமும் கையும் வரைவார். இங்கே கொஞ்சம் ரசாயனம். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து மெல்ல இறுகுகிறது. நாள் கணக்கில் ஆகும். இந்தத் தாமதம் ஓவியனுக்கு லாபம். கன்னத்து வெளிச்சத்தை நிழலோடு குழைக்கலாம், பிடிக்காவிட்டால் துடைத்து மாற்றலாம். பின்னணி மலையும் ஆறும் வானமும் பெரும்பாலும் தம்பியின் கைவேலை. அவரும் தேர்ந்த ஓவியர், இயற்கைக் காட்சிகளில் வல்லவர். ஆபீசில் பலர் நோட் எழுதி, ஒருவர் கையெழுத்தில் உத்தரவு வெளியாவதைப் பார்த்தவன் நான். அதனால் இந்தத் தம்பியிடம் எனக்குத் தனி அபிமானம். 14 படங்களும் 1890-ல் முடிந்தன.

அரண்மனைப் படம் பாட்டியின் அறைக்கு வந்தது அச்சால். இரண்டு கைகள் எத்தனை பேருக்குத்தான் வரைந்து கொடுக்கும், அச்சிடலாமே என்று யோசனை சொன்னவர் நம் கும்பகோணத்து திவான் சர் டி. மாதவராவ். 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார்கள். கல்லச்சில் ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு தனிக்கல். எண்ணெயும் நீரும் ஒட்டாத குணத்தை வைத்து மை பதியும். பின்னர் அச்சகம் லோனாவ்லா அருகே மளவ்லிக்கு மாறியது. படங்கள் வீட்டுக்கு வீடு போயின. கடனும் ஏறியது. 1903-ல் ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஷ்லைஷருக்கு விற்றுவிட்டார்கள். தெய்வங்களைக் காலண்டருக்கு இறக்கிவிட்டார் என்று விமரிசகர்கள் அன்றும் குறை சொன்னார்கள், பின்னரும் சொன்னார்கள். கோவிலுக்குள் போக முடியாதவர் வீட்டுக்கும் அந்த தெய்வம் போனதே, அதை ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் எண்ணம்.

சகோதரர்கள் 1902-ல் நம் ஹைதராபாத்துக்கும் வந்தார்கள், புகைப்பட நிபுணர் ராஜா தீன்தயாளின் விருந்தாளிகளாக. நிஜாமிடமிருந்து எதிர்பார்த்த வேலை கிடைக்காமல் திரும்பினார்கள். இவ்வளவு புகழுக்குப் பிறகும் அரண்மனை வாசலில் காத்திருப்பது தீரவில்லை.

தம்பி 1905 ஜனவரியில் காலமானார். மைசூர் அரண்மனைக்கான படங்களை அண்ணா தம்பி இல்லாமலே செய்ய வேண்டியிருந்தது. நீரிழிவு உடம்பைத் தின்றுகொண்டிருந்தது. 1906 அக்டோபர் 2 அன்று கிளிமானூரில் ரவிவர்மா கண்மூடினார். தம்பிக்குப் பிறகு இரண்டு வருஷம்கூட இல்லை.

ஹைதராபாத் வரும் அங்கத்தினர்கள் சாலார் ஜங் மியூசியத்தில் ரவிவர்மாவின் அசல் எண்ணெய்ச் சித்திரங்களைப் பார்க்கலாம். நான் மல்லாபூரிலிருந்து பஸ்ஸில் போய் அஃப்சல்கஞ்சில் இறங்கி, மூசி நதிப் பாலத்தைத் தாண்டி நடப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்தக் குழந்தையையும் ஒரு நாள் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன்.