புட்டியில் பழம் அடைத்த புண்ணியவான்

கிறிஸ்துமஸ் பண்டிகையன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல வீடுகளில் விருந்து மேஜைக்குக் கண்ணாடிப் புட்டி ஒன்று வந்து சேரும். உள்ளே பீச், செர்ரி, பிளம் போன்ற பழங்கள் இருக்கும். வெளியே பனி கொட்டும். தோட்டத்து மரங்களில் இலைகூட இராது. கோடையில் வீட்டுப் பெண்மணி அடைத்து வைத்த பழம் மட்டும் கெடாமல் மணக்கும். இந்த வித்தையை உலகுக்குக் கற்றுக் கொடுத்தவர் ஒரு மிட்டாய்க் கடைக்காரர். அவர் பெயர் நிக்கொலா அப்பேர்.

விடுதிக்காரர் மகன்

பிரான்ஸ் தேசத்தில் ஷாலோன் என்ற ஊரில் 1749-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி அப்பேர் பிறந்தார். தகப்பனார் விடுதி நடத்தியவர். ஆகவே அடுப்பும் அண்டாவும் மகனுக்குச் சிறு வயதிலேயே பழகிவிட்டன. ஜெர்மன் பிரபு ஒருவரின் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தார். பிறகு பாரிஸ் நகரில் சொந்தமாக மிட்டாய்க் கடை வைத்தார்.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. அப்பேர் புரட்சியை ஆதரித்தவர். ஆயினும் 1794-ல் புரட்சி அரசாங்கமே அவரைச் சிறையில் தள்ளியது. அப்போது சிறை புகுந்த பலர் தலையை இழந்தனர். அப்பேர் சில மாதங்களில் விடுதலையாகி உயிர் தப்பினார்.

கொதிநீரின் மகிமை

பழம் கெடாதிருக்க அதைச் சர்க்கரைப் பாகில் போடுவார்கள். சாராயத்தில் ஊற வைப்பார்கள். அல்லது வெயிலில் உலர்த்துவார்கள். சர்க்கரையோ விலை அதிகம். எந்த வழியிலும் பழத்தின் இயற்கை ருசி மாறிவிடும். இது அப்பேர் மனத்தை உறுத்தியது.

அவர் பழங்களைக் கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பினார். தக்கையை இறுக அடித்துக் கம்பியால் கட்டினார். வெடித்தால் சிதறாதிருக்க ஒவ்வொரு புட்டியையும் துணிப் பையில் இட்டார். பிறகு அண்டாவில் நீர் விட்டு, புட்டிகளை அதில் வைத்துக் கொதிக்க விட்டார். பல ஆண்டுகள் சோதனை தொடர்ந்தது. பாரிஸுக்கு அருகே மாஸி என்ற ஊரில் தொழிற்சாலையும் அமைந்தது. பிரெஞ்சுக் கடற்படை அவருடைய புட்டிகளைக் கப்பலில் ஏற்றிச் சோதித்துத் திருப்தி அடைந்தது.

பழம் ஏன் கெடவில்லை என்பது அவருக்கே சரியாகத் தெரியாது. நுண்ணுயிர்களே உணவைக் கெடுக்கின்றன என்று 1860-களில்தான் லூயி பாஸ்டர் நிரூபித்தார். பழத்தில் இயல்பாகவே புளிப்பு இருப்பதால் அதற்குக் கொதிநீர்ச் சூடே போதும். இறைச்சிக்கும் பெரும்பாலான காய்கறிகளுக்கும் நீராவி அழுத்தத்தால் இன்னும் அதிகச் சூடு வேண்டும் என்பது பின்னால் தெரிந்த விஷயம்.

பரிசா, உரிமையா?

இப்போது அப்பேர் முன் இரண்டு வழிகள் இருந்தன. கண்டுபிடிப்புக்குத் தனி உரிமை பெற்று ரகசியத்தைத் தாமே வைத்துக் கொள்ளலாம். அல்லது அரசாங்கம் தரும் 12,000 பிராங்க் பரிசைப் பெற்றுக் கொண்டு, முறையை ஊரறிய வெளியிடலாம். அப்பேர் இரண்டாவது வழியைத் தேர்ந்தார். 1810-ல் அவருடைய நூல் வெளிவந்தது. எந்தப் பழத்தை எவ்வாறு அடைப்பது, எவ்வளவு நேரம் கொதிக்க வைப்பது என்று எல்லாவற்றையும் ஒளிவுமறைவின்றி எழுதினார்.

அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டியூராண்ட் என்பவர் இதே போன்ற முறைக்கு, தகர டப்பாவையும் சேர்த்து, உரிமை பதிவு செய்துவிட்டார். சில ஆண்டுகளில் லண்டனில் டப்பா உணவுத் தொழில் தொடங்கிவிட்டது. அப்பேருக்கோ 1814-ல் பேரிடி விழுந்தது. படையெடுத்து வந்த அந்நியச் சேனைகளால் மாஸித் தொழிற்சாலை நாசமாயிற்று. மனம் தளராமல் மறுபடியும் தொழிலில் இறங்கினார். 1822-ல் மனித குலத்தின் உபகாரி என்ற பட்டம் கிடைத்தது. பட்டம் வந்ததே தவிர, பணம் வரவில்லை.

1841-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி, 91-வது வயதில், ஏழையாகவே அவர் மாஸியில் காலமானார். உடல் பொதுக் குழியில் அடக்கம் செய்யப்பட்டது.

1858-ல் அமெரிக்காவில் ஜான் மேசன் திருகு மூடிப் புட்டிக்கு உரிமை பெற்றார். அப்பேரின் வித்தை சாதாரணக் குடும்பங்களின் அடுக்களைக்குள்ளும் எளிதில் நுழைந்தது. கோடையில் புட்டியைக் கொதிநீரில் இறக்கும் பெண்களில் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் அவர் ரகசியத்தை விற்காமல் சொல்லிவிட்டுப் போனதன் பலன்தான், பண்டிகை நாளில் அவர்கள் குழந்தைகளின் தட்டில் விழும் பழம்.