புனித அகுஸ்தினார்: 32 ஆண்டுகள் வாசலில் நின்றவர்

பிறந்த சில நாட்களிலேயே ஞானஸ்நானம் பெற்ற நம்மில் பலருக்கு, அது நினைவில் இல்லாத ஒரு நாள். திருச்சபையின் மறைவல்லுநராகிய புனித அகுஸ்தினாருக்கோ, அது 32 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த வரம்.

அவர் 354-ம் ஆண்டு நவம்பர் 13-ம் நாள், இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே நகரில் பிறந்தார். தாய் மோனிக்கம்மாள் பக்தியுள்ள கிறிஸ்தவர். தந்தை பத்ரீசியுஸ் அப்போது புறச்சமயத்தவர். அக்கால வழக்கப்படி குழந்தைக்குச் சிலுவை அடையாளம் வரைந்து, நாவில் உப்பு இட்டு, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகும் புகுநிலையினருள் ஒருவராகச் சேர்த்தார்கள். சிறுவயதில் கடும் வயிற்று நோய் கண்டபோது அவரே ஞானஸ்நானம் கேட்டார். அதற்குள் நோய் தணிந்தது, ஞானஸ்நானமும் தள்ளிப்போயிற்று. கழுவப்பட்ட பின் செய்யும் பாவம் இன்னும் பெரிது என்ற அச்சமே அதற்குக் காரணம்.

பின்னர் அவர் வெகுதூரம் விலகிப் போனார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மனிக்கேயக் கொள்கையைப் பற்றி நின்றார். 383-ல், உடன்வர விரும்பிய தாயை ஏமாற்றிவிட்டு, கார்த்தேஜ் துறைமுகத்திலிருந்து இரவோடிரவாக உரோமைக்குக் கப்பலேறினார். தாயின் கண்ணீரோ ஓயவில்லை.

384-ல் மிலான் நகரில் பேச்சுக்கலை ஆசிரியரானார். அங்கே ஆயராயிருந்தவர் புனித அம்புரோசியார். ஆளுநராயிருந்த அவரை 374-ல் மக்கள் ஆயராகத் தேர்ந்தபோது, அவரும் ஞானஸ்நானம் பெறாத புகுநிலையினரே! அவருடைய சொல்நயத்தைக் கேட்கவே அகுஸ்தினார் கோவிலுக்குச் சென்றார். நாளடைவில் சொல்லோடு பொருளும் உள்ளே புகுந்தது. பழைய ஏற்பாடு பொருளற்றதன்று என்று உணர்ந்தார். தெளிவு பிறக்கும்வரை புகுநிலையினராகவே நிற்பது என்று முடிவு செய்தார்.

386-ல் ஒரு தோட்டத்தில் திருமறை நூலை வாசித்தபோது அவருடைய மனப்போராட்டம் ஓய்ந்தது. ஆசிரியப் பணியைத் துறந்தார். என்ன வாசித்து ஆயத்தமாவது என்று ஆயரைக் கடிதம் மூலம் கேட்டார். இசையாஸ் ஆகமத்தை வாசிக்கும்படி பதில் வந்தது. அத்தனை பெரிய அறிஞருக்கு அதன் தொடக்கமே விளங்கவில்லை. பிறகு பார்ப்போம் என்று தாழ்மையுடன் மூடி வைத்தார்.

387-ம் ஆண்டு மிலானுக்குத் திரும்பி, ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்தார். அக்காலத்தில் விசுவாசப் பிரமாணத்தை எழுதிக் கொடுக்கமாட்டார்கள். காதால் கேட்டு மனதில் பதிக்க வேண்டும். ஏப்ரல் 24-ம் நாள் பாஸ்கா இரவில், மகன் அதேயோதாத்துஸ், நண்பர் அலிப்பியுஸ் ஆகியோருடன் அம்புரோசியார் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அந்த எண்கோணத் தொட்டியின் அடித்தளத்தை மிலான் பேராலயத்துக்கு அடியில் இன்றும் காணலாம். தாயும் அந்த மகிழ்ச்சியைக் கண்டுவிட்டு, அதே ஆண்டில் ஓஸ்தியாவில் கண்மூடினார்.

வாசலில் நின்றவர் பின்னாளில் வாசலைத் திறப்பவரானார். இப்போ நகரின் ஆயராயிருந்தபோது, ஏறத்தாழ 400-ம் ஆண்டில், கார்த்தேஜ் நகரின் தியாக்கோன் தேயோகிராசியாஸ் தம் குறையை அவருக்கு எழுதினார். புதிதாக வருவோர்க்கு ஞானோபதேசம் கற்பிக்கையில் தம் பேச்சு தமக்கே சலிப்பூட்டுகிறது என்பதே அக்குறை. அகுஸ்தினார் ஒரு முழு நூலையே பதிலாக அனுப்பினார். வருகிறவர் ஏன் வருகிறார் என்று முதலில் கேட்டறிய வேண்டும். படைப்பு முதல் இந்நாள் வரை இறைவனின் அன்பை வரலாறாகச் சொல்ல வேண்டும். கேட்பவர் நின்று களைத்தால் உட்காரச் சொல்ல வேண்டும். நாம் பலமுறை கண்ட ஊரைப் புதிதாக வந்த நண்பருக்குக் காட்டும்போது நமக்கும் அது புதிதாகத் தோன்றுவதுபோல, மகிழ்ச்சியோடு கற்பிக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார்.

430-ம் ஆண்டு ஆகஸ்ட் 28-ம் நாள், வாண்டலர் படை நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

வளர்ந்தோரைப் படிப்படியாக ஆயத்தம் செய்யும் அப்பழைய முறையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீட்டெடுத்தது. அதற்கான புதிய சடங்குமுறை 1972-ல் வெளியாயிற்று. அன்புள்ள பங்கு மக்களே, யூபிலி ஆண்டில் கோவிலுக்கு வண்ணம் பூசுகிறோம், கொடி ஏற்றுகிறோம். நம் கோவிலின் பின்வரிசையில் தயங்கி நிற்கும் ஒருவர் இருக்கிறாரா என்றும் திரும்பிப் பார்ப்போமா? அவருக்கு ஒரு மோனிக்கம்மாளின் செபமும், ஓர் அம்புரோசியாரின் பொறுமையும் வேண்டும். அவருக்கு முதலில் ஓர் இருக்கை தருவோம்.