இன்ப வேனில் தந்த கிளிபர்ட் பிரவுன்

வேனில் என்றதும் தமிழகத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு வெயில்தான் முதலில் நினைவிற்கு வரும். மாசி கழிவதற்குள் காற்றுச் சுடத் தொடங்கிவிடும் நம் ஊர்களில் இளவேனிலின் அருமை அவ்வளவாகத் தெரிவதில்லை. வடக்கே வந்து குடியேறி, இரண்டு மாதம் கம்பளிக்குள் முடங்கிக் கிடந்து, பின்பு ஒரு காலைப் பொழுதில் இலையற்ற முள்ளிலவ மரத்தில் செம்பூக்களைக் கண்ட பிறகே, புலவர்கள் இப்பருவத்தை ஏன் அவ்வளவு கொண்டாடினர் என்பது நமக்கு விளங்கிற்று. பனி உறையும் நாடுகளில் வாழ்வோர்க்கு இதன் வரவு இன்னும் பெரிது. ஆகவே, அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையில் இளவேனிலின் பெயர் தாங்கிய உருப்படிகள் பல இருப்பதில் வியப்பில்லை. எனினும், அவற்றுட் சில பருவம் வந்தும் துணை வாராத ஏக்கத்தையே பாடுவன. மகிழ்ச்சி ஒன்றையே நெஞ்சிற் கொண்டு எழுந்ததாக நமக்குத் தோன்றுவது 'ஜாய் ஸ்பிரிங்' என்னும் உருப்படி. அதனை இயற்றியவர் கிளிபர்ட் பிரவுன் என்னும் டிரம்பெட் கலைஞர். இருபத்தைந்தே ஆண்டுகள் வாழ்ந்த அவருடைய வரலாற்றை இம்மலரில் எழுத விழைந்தோம்.

அவர் 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், டெலாவேர் மாநிலத்து வில்மிங்டன் நகரில், கறுப்பினக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் இசையைத் தொழிலாகக் கொண்டவரல்லர். ஆயினும் தம் மன மகிழ்ச்சிக்காக டிரம்பெட், வயலின், பியானோ முதலியவற்றை வாசித்து வந்தார். சிறுவனின் கண்ணை முதலிற் கவர்ந்தது டிரம்பெட்டின் ஒலியன்று. அதன் பளபளப்பே என்பர். பின்னர், அவ்வூரில் இராபர்ட் லோரி என்னும் ஆசிரியரிடம் அவர் முறையாகப் பயின்றார். ஏட்டைப் பார்த்து வாசிப்பதோடு நில்லாமல், காதால் கேட்டு உணர்ந்து வாசிக்கும் பழக்கம் அவரிடம் கிடைத்ததே. கல்லூரியில் கிளிபர்ட் முதலில் எடுத்துக்கொண்ட பாடம் கணிதம். சதுரங்கத்திலும் அவருக்குப் பெரு விருப்பம் உண்டு. பிறகு மேரிலாந்திலுள்ள கல்லூரிக்கு மாறி இசை பயின்றார்.

1950-ஆம் ஆண்டு சூன் மாதத்தில், இசை நிகழ்ச்சி ஒன்றினின்று திரும்புகையில் அவர் சென்ற கார் விபத்திற்குள்ளாயிற்று. உடலெங்கும் எலும்பு முறிவு. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் மருத்துவமனையில் கிடந்தார். டிரம்பெட் ஊதுவதற்கு உடல் இடங்கொடுக்கவில்லை. அப்போது அவர் பியானோவின் முன் அமர்ந்து, சுரக்கூட்டுகள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு நகரும் வழிகளை ஆராய்ந்தார். புகழின் உச்சியிலிருந்த டிஸ்ஸி கில்லெஸ்பி மருத்துவமனைக்கே வந்து, இசையை விட்டுவிடலாகாது என்று ஊக்கம் கூறினார். அந்த ஆண்டு சூலையிலேயே, கிளிபர்ட் தம் வழிகாட்டியாகப் போற்றிய ஃபேட்ஸ் நவாரோ இறந்தார். வயது இருபத்தாறு. காசநோயோடு ஹெராயின் பழக்கமும் சேர்ந்து அவரைக் கொண்டுபோயிற்று.

அக்காலத்து ஜாஸ் உலகில் இது ஒருவர் கதையன்று. ஹெராயினை நாடினால்தான் கற்பனை ஊறும் என்ற மயக்கம் இளங்கலைஞர் பலரைப் பிடித்திருந்தது. கிளிபர்ட் பிரவுனோ போதைப் பொருளைத் தீண்டவில்லை, குடிப்பழக்கமும் கொள்ளவில்லை. இதைப் பறைசாற்றிக்கொண்டு திரிந்தவருமல்லர். பின்னாளில் அவரோடு சேர்ந்து வாசித்த சாக்ஸபோன் மேதை சானி ரோலின்ஸ், அப்பழக்கத்தினின்று மீண்டு வந்த நிலையில், தூய வாழ்வோடும் சிறந்த கலைஞனாக இருக்கலாம் என்பதைக் கிளிபர்ட்டைக் கண்டே தெளிந்தார். அறிவுரை சொல்லாமலே பிறரைத் திருத்தும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று.

உடல் தேறிய பின் அவர் வளர்ந்த வேகம் பெரிது. 1953-இல் லயனல் ஹாம்ப்டனின் குழுவோடு ஐரோப்பா சென்றார். தம் குழுவினர் வெளியே இசைத்தட்டுப் பதிவு செய்தலாகாது என்பது ஹாம்ப்டனின் கட்டளை. கிளிபர்ட்டும் நண்பர்களும் தலைவருக்குத் தெரியாமல் ஸ்டாக்ஹோமிலும் பாரிஸிலும் பதிவு செய்தனர். நற்குணத்திற் சிறந்தவரும் இசையென்றால் சிறிது கள்ளம் செய்தார் போலும்!

1954-ஆம் ஆண்டின் இளவேனிலில் டிரம் கலைஞர் மாக்ஸ் ரோச், ஐவர் குழு ஒன்று அமைப்பதற்காக அவரைக் கலிபோர்னியாவிற்கு அழைத்துச் சென்றார். அங்கே லாரூ ஆண்டர்சன் என்னும் நங்கையைச் சந்தித்தார். மேலைநாட்டுச் செவ்வியல் இசை பயின்ற அவ்வம்மையார் ஜாஸ் இசையை முதலில் உயர்வாக எண்ணவில்லை. கிளிபர்ட்டின் வாசிப்பு அவர் எண்ணத்தை மாற்றிற்று. அவ்வாண்டு சூன் 26-ஆம் நாள் இருவரும் மணந்துகொண்டனர். லாரூவின் பிறந்தநாளும் அதுவே. மனைவியைக் கிளிபர்ட் அழைத்த செல்லப்பெயரே அவ்வுருப்படிக்கும் பெயராயிற்று. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு இளவேனில் என்றும் ஊற்று என்றும் இரு பொருள் உண்டு. இன்ப வேனில் என்பதா, இன்ப ஊற்று என்பதா என்று நாம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தோம். இரண்டும் பொருந்துகின்றன.

ஜாஸ் இசையில் முதலில் மெட்டை வாசிப்பர். பின்னர் அம்மெட்டின் சுரக்கூட்டுகளின் மேல் ஒவ்வொருவரும் தம் கற்பனையை விரிப்பர். நம் கச்சேரிகளில் கற்பனை சுரம் கேட்டுப் பழகியவர்க்கு இது புதுமையாகத் தோன்றாது. 'ஜாய் ஸ்பிரிங்' முப்பத்திரண்டு தாளக்கட்டுகள் கொண்டது. முதல் எட்டில் ஒரு மெட்டு வருகிறது. அடுத்த எட்டிலும் அதே மெட்டுத்தான். ஆனால் அரைச் சுரம் மேலே ஏறி ஒலிக்கிறது. ஹார்மோனியத்தில் ஒரு கட்டை தள்ளி வைத்து அதே பாட்டை வாசிப்பது போன்றது இது. முன்னறிவிப்பின்றி நிகழும் அவ்வேற்றத்தைக் கேட்கும்போது, மூடியிருந்த சாளரம் ஒன்று திறந்தாற்போல இருக்கிறது. மூன்றாம் எட்டில் மெட்டு வேறு சுருதிகளில் உலவி, இறுதியில் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்கிறது. மருத்துவமனை நாட்களில் பியானோவின் முன் பெற்ற பயிற்சியின் பயனை நாம் இங்கே காண்கிறோம். 1954 ஆகஸ்டில் ஐவர் குழு பதிவு செய்த இசைத்தட்டில் கிளிபர்ட்டின் வாசிப்பைக் கேளுங்கள். எவ்வளவு விரைந்து சென்றாலும் ஒரு சுரமேனும் மங்குவதில்லை. ஓசையில் உருண்டையும் கனிவும் இருக்கின்றன. டிரம்பெட் படைக்கலம் போல் முழங்கும் கருவி என்று எண்ணியிருந்த நமக்கு, அது இவ்வளவு மெல்லப் பேசும் என்பது அன்றுதான் தெரிந்தது.

1955 டிசம்பரில் அவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. அடுத்த ஆண்டு சூன் மாத இறுதியில் ஐவர் குழுவிற்குச் சிகாகோவில் நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவல், அவர் மனைவி நான்சி ஆகியோருடன் கிளிபர்ட் காரிற் புறப்பட்டார். இரவு, மழை. நான்சி காரை ஓட்டினார். பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் கார் நிலைதவறிற்று. மூவரும் மாண்டனர். அன்று 1956 சூன் 26. திருமணம் நடந்து சரியாக ஈராண்டு நிறைந்த நாள்.

செய்தி கேட்டு மாக்ஸ் ரோச் நெடுங்காலம் துயரில் ஆழ்ந்திருந்தார். நண்பர் பென்னி கோல்சன் கிளிபர்ட்டின் நினைவாக மெல்லிய உருப்படி ஒன்றை இயற்றினார். 1957-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், இளவேனில் தொடங்கும் வேளையில், லீ மார்கன் அதனை இசைத்தட்டிற் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. பிலடெல்பியாவில் கிளிபர்ட்டிடமே டிரம்பெட் கற்க வந்தவர் அவர்.