சொல்லின் செல்வர் அருணாசலம்

கொழும்பு முகத்துவாரத்துக்கு அணித்தாய கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் கோயிலை எடுப்பித்த பொன்னம்பல முதலியாரின் மைந்தர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1853இல் தோன்றிய இப்பெரியார் கேம்பிரிட்சிற் கற்று, 1875இல் போட்டித் தேர்வு வாயிலாகச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். நனவு, கனவு, உறக்கம் ஆகியவற்றைக் கடந்த அறிவுநிலையைச் சைவ நெறிநின்று ஆராய்ந்து எழுதினார். 1913இல் ஓய்வுபெற்றபின், நாட்டின் அரசியல் தேவைகள்பற்றி 1917இல் ஆற்றிய சொற்பொழிவால் தன்னாட்சி வேட்கையை வளர்த்தார். ஒப்பந்தம் மீறிய தோட்டத் தொழிலாளரைச் சிறையிலிடும் சட்டத்தையும் எதிர்த்தார்.

1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். மேல் மாகாணத் தமிழர்க்கு ஓர் ஆசனம் என்ற வாக்குறுதி பேணப்படாமையால் 1921இல் அதனின்று விலகினார். சொல்லால் எழுப்பிய மன்றத்தைச் சொல் பிழைத்தமையாலே துறந்தார். 1924இல் தல யாத்திரை சென்றவிடத்து மதுரையில் இறைவனடி சேர்ந்தார். அகவிடுதலையையும் நாட்டு விடுதலையையும் ஒருங்கே நாடிய அன்னார் வாழ்வு மாணவர் சிந்திக்கற்பாலது.